கேஸ் அடித்த பழம், கல் வைத்த பழம், புகை போட்ட பழம்: மூன்றும் ஒன்றா?

நீங்கள் கேட்டிருப்பதை நான் புரிந்துகொண்டபடி முதலில் எழுதிவிடுகிறேன். கடையில் வாங்கும் வாழைப்பழம் ஒரே சீரான மஞ்சளாக இருக்கிறது, உரித்துத் தின்றால் சப்பென்று இருக்கிறது, அக்கம்பக்கத்தார் அதைக் ‘கேஸ் அடித்த பழம்’ என்கிறார்கள்; கேஸும் கார்பைடு கல்லும் ஒன்றுதானா, அது விஷமா என்பது முதல் கேள்வி. கொல்லையில் வெட்டிய பூவன் தாரைப் புகை போட்டுப் பழுக்க வைத்தால் அது இயற்கையானதுதானே என்பது இரண்டாவது. சென்ற முறை தார் தொங்கிய கூடத்திலேயே ஒரு வரவேற்புப் பூங்கொத்தையும் வைத்திருந்ததாகவும், அதில் கார்னேஷன் பூக்கள் இரண்டே நாளில் சுருண்டுவிட ஜெர்பெரா மட்டும் அசையாமல் நின்றதாகவும் எழுதி, அது ஏன் என்று போகிற போக்கில் ஒரு வரி கேட்டிருக்கிறீர்கள். முதல் இரண்டு கேள்விகளுக்கும் விடை அந்தக் கடைசி வரியில்தான் இருக்கிறது. உங்கள் கூடத்தில் அன்று ஒரு வாயு இருந்தது. அதை யாரும் அடிக்கவில்லை, தாரே வெளியிட்டது.

நான் தோட்டக்கலை படித்தவன். தேனி மாவட்டத்தில் சின்னமனூர், கம்பம் பக்கம் வாழை பழுக்க வைக்கும் குளிரறைகளில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன். ஆகவே வாழையைப் பற்றி விரிவாகவும், மாம்பழத்தைப் பற்றி ஓரளவும், பூக்களைப் பற்றி இந்தக் கேள்விக்குத் தேவையான அளவும் எழுதுகிறேன். உடல்நலம் தொடர்பாக நான் எழுதுவது பழத்தின் பக்கத்திலிருந்து எழுதுவது. மருத்துவ ஆலோசனையாக அதை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அந்த வாயுவின் பெயர் எத்திலீன். வாழை, மா, பப்பாளி, சப்போட்டா, பலா, சீத்தா, தக்காளி ஆகியவை முற்றிய பின் செடியிலிருந்து வெட்டப்பட்டாலும் சுவாசித்துக்கொண்டே இருக்கும். ஒரு கட்டத்தில் காய்க்குள் எத்திலீன் சுரக்கத் தொடங்கும், சுரந்த வாயு மேலும் சுரக்கத் தூண்டும், சுவாசம் ஒரேயடியாக ஏறும், மாவுச்சத்து சர்க்கரையாகும், பச்சையம் சிதையும், சதை இளகும், மணம் பிறக்கும். இது தொடங்குவதற்குக் காற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவான எத்திலீன் போதும். ஒரு சீப்பில் ஒரு பழம் கனிந்தால் மற்றவையும் அடுத்தடுத்துக் கனிவதற்கும், நம் பாட்டிமார் காய்களுக்கு நடுவே ஒரு பழத்தைப் போட்டுப் பானையை மூடி வைத்ததற்கும் இதுதான் காரணம். திராட்சை, ஆரஞ்சு, எலுமிச்சை, மாதுளை, அன்னாசி ஆகியவை வேறு கூட்டம். அவை பறித்த பின் இனிப்பு ஏறுவதில்லை. எத்திலீன் கொடுத்தால் ஆரஞ்சின், எலுமிச்சையின் தோல் மஞ்சளாகும், உள்ளே எதுவும் மாறாது.

எலுமிச்சையைச் சொன்னதும் ஒரு பழைய செய்தி நினைவுக்கு வருகிறது. கலிபோர்னியாவில் எலுமிச்சைக் காய்களை மண்ணெண்ணெய் அடுப்பு எரியும் அறைகளில் வைத்து மஞ்சளாக்கினார்கள். அடுப்பின் வெப்பம்தான் நிறத்தைத் தருகிறது என்பது அவர்கள் எண்ணம். புகையில்லாத முறையில் சூடாக்கிப் பார்த்தபோது காய் பச்சையாகவே கிடந்தது. 1924-இல் டென்னி என்ற அமெரிக்க ஆய்வாளர், வேலை செய்தது வெப்பமல்ல, அரைகுறையாக எரிந்த புகையிலிருந்த எத்திலீன் என்று காட்டினார். பழுக்கும் பழமே இந்த வாயுவை வெளியிடுகிறது என்பதை 1934-இல் கேன் என்ற ஆங்கிலேயர் ஆப்பிளைக் கொண்டு உறுதிசெய்தார். நம் ஊரில் வைக்கோலும் வரட்டியும் கொளுத்திப் போடும் புகை மூட்டத்திலும், டிரம்முக்குள் ஊதுபத்தி ஏற்றி வைப்பதிலும் பழத்தைத் தூண்டுவது அதே எத்திலீன்தான். எனவே உங்கள் இரண்டாவது கேள்விக்கு விடை இது: காய்க்குள் நடப்பதை மட்டும் வைத்துப் பார்த்தால் புகை போட்ட பழமும் எத்திலீன் அறையில் பழுத்த பழமும் ஒரே வழியில் பழுத்தவை. ஒன்றை இயற்கை என்றும் மற்றதை ரசாயனம் என்றும் பிரிக்க எனக்கு எந்த அடிப்படையும் தெரியவில்லை.

கார்பைடு கல் வேறு. கால்சியம் கார்பைடு ஈரம் பட்டதும் அசிட்டிலீன் வாயுவை வெளியிடும். வெல்டிங் பட்டறையில் எரிப்பது அந்த வாயுதான். அசிட்டிலீனுக்கும் பழத்தைத் தூண்டும் குணம் கொஞ்சம் உண்டு, ஆனால் எத்திலீனோடு ஒப்பிட்டால் அது மிகவும் வலுக்குறைந்தது. அதனால் அதிக அளவில் வைக்கிறார்கள். உண்மையான ஆபத்து அசிட்டிலீனைவிட, பட்டறைக்கென்று தயாராகும் கல்லில் கலந்திருக்கும் ஆர்சனிக், பாஸ்பரஸ் மாசுகளில் இருக்கிறது. ஈரம் பட்டால் அவை ஆர்சைன், பாஸ்பீன் என்ற நச்சு வாயுக்களாக வெளிவரும். முதலில் பாதிக்கப்படுபவர் பொட்டலத்தைக் கையால் மடித்துக் கூடைக்குள் வைக்கும் தொழிலாளி. இந்தக் கல்லைப் பழத்துக்குப் பயன்படுத்துவதை 2011-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறைகள் தடைசெய்கின்றன. எத்திலீன் வாயுவை 100 பிபிஎம் வரை, அதாவது பத்து லட்சம் பங்கு காற்றில் நூறு பங்கு வரை, பயன்படுத்திக்கொள்ள இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2016-இல் அனுமதித்தது. எத்திலீன் தருவதற்காக எத்திபான் போன்ற பொருளை வைத்தாலும் அந்தத் திரவமோ பொடியோ பழத்தின் மேல் படக்கூடாது, அதிலிருந்து எழும் வாயு மட்டுமே படலாம் என்பதும் விதி. வாளியில் மருந்தைக் கரைத்துச் சீப்பை முக்கி எடுக்கும் பழக்கத்தைச் சில இடங்களில் கண்டிருக்கிறேன். அது தவறு, அதைச் செய்பவரிடம் பழம் வாங்காதீர்கள்.

இதுவரை எழுதியது உறுதியானது. கடைப்பழத்தைப் பார்த்தே அது கல் வைத்ததா என்று கண்டுபிடிக்கலாம் என்று சொல்லப்படும் குறிப்புகள் பெரும்பாலும் அப்படியல்ல. ஒரே சீரான மஞ்சள் இருந்தால் கார்பைடு என்பார்கள். நன்றாக நடத்தப்படும் எத்திலீன் அறையிலிருந்து வரும் பழமும் அப்படித்தான் இருக்கும், அந்தச் சீர்மைக்காகத்தான் அறையே கட்டுகிறார்கள். தண்ணீரில் மிதந்தால் கார்பைடு என்பார்கள். மாங்காய் மிதப்பதும் அமிழ்வதும் அதன் முதிர்ச்சியைக் காட்டும், எதை வைத்துப் பழுத்தது என்பதைக் காட்டாது. ரஸ்தாளிக்குள் கல் போன்ற கட்டி இருந்தால் கார்பைடு வைத்ததால்தான் என்று பலர் நம்புகிறார்கள். அது அந்த ரகத்துக்கே உள்ள குறைபாடு, தோட்டத்திலேயே வருவது. பழத்தின் மேலோ கூடையின் அடியிலோ சாம்பல் நிறப் பொடி ஒட்டியிருப்பதும், காகிதப் பொட்டலம் கிடப்பதும்தான் கண்ணால் காணக்கூடிய நியாயமான சந்தேகத்துக்கு இடம் தரும். மற்றபடி ஆய்வகம்தான் சொல்ல வேண்டும். எந்தப் பழமானாலும் ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். மாம்பழத்தைத் தோல் சீவிச் சாப்பிடுவது கூடுதல் கவனம்.

அப்படியானால் கடைப்பழம் ஏன் சப்பென்று இருக்கிறது? என் அனுபவத்தில் இதற்குக் காரணம் இரண்டே: காய் வெட்டப்பட்ட வயது, பழுக்கும்போது இருந்த வெப்பம். எத்திலீன் கதவைத் திறந்துவிடும், அவ்வளவுதான். உள்ளே சரக்கு இல்லாவிட்டால் எதை வெளியே கொண்டுவரும்? வாழை குலை தள்ளியதிலிருந்து ரகத்தைப் பொறுத்து ஏறக்குறைய 3 முதல் 4 மாதம் வரை காய் மாவுச்சத்தைச் சேர்த்துக்கொண்டே போகிறது. முற்றிய காயின் சதையில் 20 முதல் 25 சதவீதம் வரை மாவுச்சத்து இருக்கும். பழுத்து முடிந்ததும் அது 1 அல்லது 2 சதவீதமாகக் குறைந்து மீதியெல்லாம் பெரும்பாலும் சர்க்கரையாகியிருக்கும். நீண்ட தூரம் அனுப்ப வேண்டிய தாரை, காயின் வரம்பு, அதாவது நீளவாக்கில் ஓடும் விளிம்பு, இன்னும் கூர்மையாகத் தெரியும் முக்கால் முதிர்ச்சியில் வெட்டுவார்கள். உள்ளூர் மண்டிக்குப் போவதை வரம்பு மழுங்கி உருண்டு திரண்ட பிறகு வெட்டுவார்கள். விலை ஏறியிருக்கும் நாட்களில் முக்காலுக்கும் முன்பே வெட்டிவிடுவது உண்டு. அந்தக் காயும் எத்திலீனுக்கு மஞ்சளாகிவிடும், ஆனால் அது பிஞ்சில் பழுத்தது. நம் ஊர்ச் சொல்லில் வெம்பல். கேஸ் அடித்ததால் சுவை போயிற்று என்று நாம் சொல்லும் பழங்களில் பல, சேர வேண்டிய சுவை சேர்வதற்கு முன்பே வெட்டப்பட்டவை.

இதைக் கண்ணால் காண ஒரு வழி உண்டு. மருந்துக் கடை அயோடின் டிஞ்சரைத் தண்ணீரில் நீர்க்கக் கலந்து ஒரு தட்டில் ஊற்றிக்கொள்ளுங்கள். பச்சைக் காயைக் குறுக்கே நறுக்கி, வெட்டிய முகம் அதில் படும்படி ஒரு நிமிடம் வையுங்கள். வட்டம் முழுவதும் மை கொட்டியதுபோல் கருநீலமாகிவிடும், அது மாவுச்சத்து. தினமும் அதே சீப்பிலிருந்து ஒரு காயை நறுக்கிப் பார்த்தால், நடுவில் விதைத் தடம் இருக்கும் இடத்தில் முதலில் வெளிறத் தொடங்கி, வெளுப்பு ஓரத்தை நோக்கி நாளுக்கு நாள் விரிவதைக் காணலாம். தோல் முழு மஞ்சளான பிறகும் ஓரத்தில் ஒரு கருநீல வளையம் இருந்தால் இன்னும் ஒரு நாள் பொறுக்க வேண்டும். புதிதாக வேலைக்கு வந்தவர்களுக்கு நான் முதலில் செய்துகாட்டியது இதைத்தான். தோலின் நிறத்தை நம்புவதை அவர்கள் அன்றோடு விட்டார்கள். நறுக்கிய துண்டுகளைத் தின்னாமல் குப்பையில் போட்டுவிடுங்கள்.

வெப்பத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தமிழ்நாட்டில் பழம் கெடுவது பெரும்பாலும் இதில்தான். பழுக்க வைக்கும் அறையில் ஜி9 போன்ற கேவண்டிஷ் வகைக் காய்களை (கடைகளில் பரவலாக விற்கும் நீண்ட வாழைப்பழ வகை) 16 முதல் 18 டிகிரி செல்சியஸில், தொண்ணூறு சதவீதத்துக்குக் குறையாத ஈரப்பதத்தில் வைத்து, 24 மணி நேரம் எத்திலீன் கொடுப்போம். காற்றின் சூட்டைப் பார்ப்பதோடு நிறுத்தாமல், ஊசி போன்ற வெப்பமானியைக் காயின் சதைக்குள் குத்திப் பார்ப்போம். சுவாசம் ஏறும்போது காயே சூட்டைக் கிளப்புவதால் அடுக்கின் நடுவில் இருக்கும் பெட்டி சுவரோரப் பெட்டியைவிட மூன்று நான்கு டிகிரி கூடுதலாக இருப்பது சாதாரணம். அதன் பிறகு கதவைத் திறந்து சேர்ந்திருக்கும் கரியமில வாயுவை வெளியேற்ற வேண்டும், இல்லாவிட்டால் அது எத்திலீனின் வேலையைத் தடுக்கும். பிறகு நான்கு அல்லது ஐந்து நாளில் நிறம் வந்துவிடும். ஒரு மே மாதத்தில் நான் பொறுப்பேற்றிருந்த அறையில் இரவு குளிர்சாதனம் நின்றுபோயிற்று. மின்சாரம் வந்த பிறகும் அது தானாக இயங்காததைக் காலையில்தான் கவனித்தோம். சதைக்குள் 29 டிகிரி காட்டியது. அந்தச் சரக்கு முழுவதும் மூன்றாம் நாளில் உள்ளே குழைந்துவிட்டது, தோலோ மங்கிய பச்சையாகவே இருந்தது. கேவண்டிஷ் இனத்தில் ஏறத்தாழ 24 டிகிரிக்கு மேல் போனால் சதை கனிந்துவிடும், தோலின் பச்சையம் மட்டும் முழுமையாகச் சிதையாது. வெயில் காலத்தில் பச்சையாக வாங்கிவந்த ஜி9 பழத்தை உரித்தால் உள்ளே கொழகொழவென்று இருப்பது இதனால்தான். அது மருந்தின் கோளாறு என்று வாங்கியவர் நினைப்பார். எங்கள் சரக்கைத் திருப்பி அனுப்பிய வியாபாரியும் அப்படித்தான் சொன்னார். அவரைக் குறை சொல்ல முடியாது, இரவுக் காவலுக்கு ஆள் வைக்காதது எங்கள் பிழை.

குளிர் அதிகமானாலும் கெடுதல்தான். வாழை வெப்பமண்டலத்துச் செடி. 13 டிகிரிக்குக் கீழே காயின் தோலில் இருக்கும் செல்கள் சேதப்பட்டு உள்ளிருக்கும் பொருட்கள் கறுக்கத் தொடங்கும். பச்சைக் காயை பிரிட்ஜில் வைத்துவிட்டு வெளியே எடுத்தால் அது பிறகு ஒழுங்காகப் பழுக்காது. நன்றாகக் கனிந்த பழத்தை வைத்தால் தோல் கறுக்கும், உள்ளே ஒன்றும் ஆகாது, தாராளமாகச் சாப்பிடலாம். மாங்காய்க்கும் இதே போன்ற எல்லை 12, 13 டிகிரி அளவில் இருக்கிறது. மாம்பழத்தில் முதிர்ச்சியைப் பார்க்கக் காம்பைச் சுற்றியுள்ள தோள் பகுதியைக் கவனியுங்கள். தோள் காம்புக்கு மேலே எழும்பி, காம்பு ஒரு சிறு குழிக்குள் நிற்பதுபோல் தெரிந்தால் காய் விளைந்துவிட்டது. அதைக் காம்போடு பறித்து, தலைகீழாக வைத்துப் பாலை வடியவிட்டு, வைக்கோலில் பரப்பி வைத்தால் எந்தத் தூண்டுதலும் தேவையில்லை. பால் தோலில் வழிந்த இடம் கறுத்து, பிறகு அங்கிருந்துதான் அழுகல் தொடங்கும்.

புகைக்குத் திரும்புகிறேன். புகை போட்ட பழம் சுவையாக இருக்கிறது என்று நீங்கள் எழுதியிருப்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சுவைக்குக் காரணம் புகை என்பதைவிட, அது உங்கள் கொல்லைத் தார், உருண்டு திரளும்வரை மரத்தில் நின்றது, பத்தடி தூரம் மட்டுமே பயணம் செய்தது என்பதே பொருத்தமான விளக்கம். புகையில் எத்திலீனோடு கார்பன் மோனாக்சைடும் இருக்கிறது. மணமோ நிறமோ இல்லாத அந்த வாயு மூடிய அறைக்குள் நுழைபவரின் உயிரையே பறிக்கும். மண்டிகளில் பழைய புகை அறைகளைத் திறக்கும்போது கதவைத் திறந்துவைத்துவிட்டு நெடுநேரம் வெளியே நிற்பதைப் பெரியவர்கள் கட்டாயமாக்கியிருந்தார்கள். வீட்டில் ஒரு தாருக்காக அந்த ஆபத்தை ஏற்க வேண்டியதே இல்லை. சீப்புகளாகப் பிரித்து, வெட்டு வாயில் பால் வடிந்து காய்ந்த பிறகு, ஒரு வாளியிலோ அட்டைப் பெட்டியிலோ அடுக்கி, நடுவில் நன்கு கனிந்த இரண்டு பழங்களை வைத்து, சாக்கால் மூடி, வீட்டின் குளுமையான மூலையில் வைத்துவிடுங்கள். மறுநாள் ஒருமுறை திறந்து காற்றாட விட்டு மறுபடி மூடுங்கள். அதற்கு அடுத்த நாள் சாக்கை எடுத்துவிடலாம்; உள்ளே தொடங்கியது தானாக நடக்கும். பூவன் ஒரே நாளில் மொத்தமாகப் பழுத்துவிடும் என்று அஞ்சினால், இந்த வாரத்துக்கு வேண்டிய சீப்புகளை மட்டும் பெட்டியில் வைத்து, மீதியை வேறு அறையில் தனியே தொங்கவிடுங்கள்.

இனி பூங்கொத்து. கார்னேஷன் எத்திலீனுக்கு மிகவும் கூசும் பூ. பத்து லட்சத்தில் ஒரு பங்கு வாயு ஒரு நாள் பட்டால் போதும், இதழ்கள் உள்நோக்கி மடங்கி உறங்குவதுபோல் சுருண்டுவிடும். பூ வியாபாரத்தில் அதை உறக்கம் என்றே குறிப்பிடுகிறார்கள். விளக்கெரிக்கும் வாயு கசிந்த கண்ணாடிக் குடில்களில் கார்னேஷன்கள் இப்படிச் சுருண்டதை ஆராய்ந்த சிகாகோ ஆய்வாளர்கள், அதற்கு எத்திலீனே காரணம் என்று 1908-இலேயே எழுதினார்கள்; பழத்தைப் பற்றி அறிவதற்கு முன்பே பூ அதைக் காட்டிக்கொடுத்துவிட்டது. ஆர்க்கிட் பூக்களும் இதே கூச்சம் உடையவை. ஜெர்பெராவும் சாமந்தியும் எத்திலீனைப் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. எனவே உங்கள் கூடத்தில் பூவன் தார் கனிந்த அதே இரண்டு நாட்களில் கார்னேஷன் மட்டும் சுருண்டதற்குத் தாரின் வாயு காரணம் என்பது மிகவும் பொருந்துகிறது. ஆனாலும் இதை நான் உறுதி என்று சொல்லமாட்டேன். அந்தக் கார்னேஷன்கள் உங்கள் கைக்கு வரும்போதே பழசாகியிருந்திருக்கலாம். வரவேற்பு மேடையின் விளக்குச் சூட்டில் பல மணி நேரம் தண்ணீரின்றி இருந்திருக்கலாம். பூவே வயதாகும்போது தன் எத்திலீனையும் தானே சுரக்கும். நீலகிரியிலிருந்து வரும் பூவோ ஓசூரிலிருந்து வரும் பூவோ, வெட்டியது முதல் உங்கள் மேசை வரை எத்தனை நாள் குளிரில் இருந்தது என்பது தெரியாமல் ஒரே ஒரு காரணத்தைக் கைகாட்ட முடியாது. வெள்ளித் தயோசல்பேட் கரைசலில் தண்டை வைத்து எடுத்த கார்னேஷனும், 1-எம்சிபி என்ற வாயு காட்டப்பட்ட கார்னேஷனும் எத்திலீனைத் தாங்கி நிற்கும்; இரண்டாவது பொருள் செல்லில் எத்திலீன் அமரும் இடத்தில் தான் முந்திப்போய் அமர்ந்துகொள்கிறது. உங்களுடையது அப்படிப் பக்குவப்படுத்தப்படாத பூவாக இருக்கக்கூடும்.

ஜெர்பெரா தலை சாய்வதும் ரோஜா கழுத்து மடிவதும் இந்தக் கணக்கில் வராது. அங்கே தண்டு தண்ணீரை உறிஞ்ச முடியாமல் போகிறது. வெட்டு வாயில் காற்றுக் குமிழியோ, கலங்கிய தண்ணீரில் பெருகிய பாக்டீரியாவோ அடைத்துக்கொள்கிறது. தண்டின் அடியை இரண்டு சென்டிமீட்டர் அளவுக்குக் கூர்மையான கத்தியால் தண்ணீருக்குள் வைத்தே சாய்வாக வெட்டி, தண்ணீருக்குள் மூழ்கும் இலைகளைக் கிள்ளிவிட்டு, சோப்புப் போட்டுக் கழுவிய ஜாடியில் வைத்து, நாள்தோறும் தண்ணீர் மாற்றினால் பாதிப் பிரச்சினை தீரும். சர்க்கரை போட்டால் பூ நிற்கும் என்பது உண்மைதான், ஆனால் சர்க்கரை மட்டும் போட்டால் பூவைவிட பாக்டீரியாவுக்கே அது விருந்தாகும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு நான்கு தேக்கரண்டி சர்க்கரையோடு சில துளி எலுமிச்சைச் சாறும் ஒன்றிரண்டு துளி பிளீச்சும் சேர்க்க வேண்டும். அடுத்த தாரை வெட்டும்போது வீட்டில் கார்னேஷனோ ஆர்க்கிடோ இருந்தால், ஜாடியைச் சன்னலோரம் காற்றோட்டம் உள்ள வேறு அறைக்கு மாற்றி வையுங்கள். அங்கே ஊதுபத்தியும் ஏற்ற வேண்டாம்.